சான்றிதழுக்கு முன்பே வரவேண்டிய உதவி

இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் சீஃபோர்ட் என்றொரு ஊர். அங்கே மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன் 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றியது அது. பையன் கெட்டிக்காரன், விளையாட்டில் சூட்டிகை, கண்பார்வையில் எந்தக் குறையும் இல்லை. ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் படித்தும் அவனால் சாதாரணச் சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. எழுத்துகளைத் தனித்தனியே காட்டினால் அடையாளம் சொல்லிவிடுவான். அவற்றைச் சேர்த்துச் சொல்லாக வைத்தால் திணறுவான். தன் சொந்தப் பெயரையே எழுத்து இடம்மாறி ‘ப்ரெசி’ என்று எழுதினான். ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகே பிழை அவன் கண்ணில் பட்டது. கணக்கிலும் இயற்கணிதத்திலும் அவனுக்குச் சிரமம் இல்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்தார்.

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம் உள்ள குழந்தையைப் பற்றி மருத்துவ இதழில் வந்த முதல் பதிவுகளில் ஒன்று இது. ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியிலும் பெற்றோர் கூட்டத்தன்று வகுப்பறை வாசலில் நின்றால் இதே விவரம் காதில் விழும். “நல்லாப் பேசுறான் மிஸ், கேட்டா டக்குனு பதில் சொல்றான், எழுதச் சொன்னாத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது” என்பார் அம்மா. “கவனம் பத்தலம்மா, வீட்ல உட்கார வச்சு எழுத வைங்க” என்பார் ஆசிரியர். இருவரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் பிள்ளையின் சிக்கல் கவனத்தில் இல்லை. பத்துத் தடவை பார்த்து எழுத வைப்பதால் அது தீரவும் தீராது.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளி செய்யவேண்டியவை இரண்டு. அவருக்கு ஏற்ற முறையில் வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்பது ஒன்று. வாசிப்பில் உள்ள தாமதம் மற்ற பாடங்களையும் மதிப்பெண்ணையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது, பொதுத்தேர்வுச் சலுகை என்ற வடிவத்தில் நம் ஊரில் ஓரளவு நிலைபெற்றுவிட்டது. முதலாவதற்குத்தான் ஆளும் நேரமும் ஒதுக்கப்படுவதில்லை. இத்தனை ஆண்டு ஆராய்ச்சியோ, முதலாவதே முதலில் வரவேண்டும், அதுவும் ஒன்றாம் இரண்டாம் வகுப்பிலேயே வரவேண்டும் என்கிறது.

மலையிலிருந்து ‘ம்’ போனால்

பேசுவதற்கு மனித மூளை லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பழகியிருக்கிறது. எழுத்து தோன்றியோ ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. வாசிப்பதற்கென்று பிறவியிலேயே அமைந்த பகுதி எதுவும் மூளையில் இல்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியின் ஒரு துண்டைக் குழந்தை எழுத்துக்காகப் பழக்கிக்கொள்கிறது. இடது அரைக்கோளத்தின் அடிப்புறத்தில் உள்ள இந்த இடத்தைப் பாரிஸ் நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எழுத்தறிவு பெறப்பெற அந்த இடம் எழுத்துகளைக் கண்டவுடன் துடிப்பாக இயங்குவதையும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் அப்படி இயங்காததையும் அவருடைய குழு 2010இல் காட்டியது.

கண் எழுத்தைப் பிடித்தால் மட்டும் போதாது. பிடித்த எழுத்தை ஒலியோடு இணைக்க வேண்டும். அதற்குப் பேச்சில் வரும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துணரத் தெரிய வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு முட்டுக்கட்டை விழுவது இங்கேதான். காது நன்றாகக் கேட்கும். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளை மூளை துல்லியமாகப் பிரித்துக் கையாள்வதில்லை. ‘மலை’ என்ற சொல்லில் ‘ம்’ என்ற ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், ஒலியைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை ‘அலை’ என்று சொல்லும். பிரிக்கத் தெரியாத பிள்ளை முதல் எழுத்தையே தூக்கிவிட்டு ‘லை’ என்று சொல்லலாம், அல்லது கேள்வியே புரியாமல் விழிக்கலாம். விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வி வாசிப்பு ஆராய்ச்சியில் மிக முக்கியமான சோதனைகளில் ஒன்று.

இதை முதலில் உறுதியாக நிறுவியவர்களில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் உண்டு. நான்கைந்து வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 400 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒலிகளைப் பிரித்து இனம்காணத் தெரிந்த பிள்ளைகள் பிற்பாடு வாசிப்பில் முன்னேறினார்கள், திணறியவர்கள் பின்தங்கினார்கள். ஒலியில் திணறிய ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டுகளில் 40 முறை பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒலி விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்துப் பயிற்றுவித்த பிள்ளைகளே எல்லாரையும்விட நன்றாக முன்னேறினார்கள். 1983இல் நேச்சர் இதழில் வந்த இந்த ஆய்வு வகுப்பறைக்கு இரண்டு செய்திகளைத் தந்தது. யாருக்குச் சிரமம் வரும் என்பதைப் பிள்ளை தோற்பதற்கு முன்பே ஊகிக்கலாம். ஊகித்தபின் ஒலியையும் எழுத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஒலியைக் கையாள்வதில் உள்ள இந்த வேறுபாடு குடும்பங்களில் தொடர்ந்து வருவது. டிஸ்லெக்சியா உண்டு என்று தெரிவித்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவலை ஆராய்ந்து, அதோடு தொடர்புடைய 42 இடங்களை 2022இல் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் ஒரு பன்னாட்டுக் குழு வெளியிட்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஒரே மரபணுவால் வரும் நோய் அல்ல இது. வளர்ப்பில் நேர்ந்த தவறும் அல்ல. எழுத்தைத் தலைகீழாகவோ இடம்வலமாகவோ மாற்றி எழுதுவதே டிஸ்லெக்சியா என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. எழுதப் பழகும் பெரும்பாலான குழந்தைகளும் கொஞ்ச காலம் அப்படி எழுதும், பிறகு விட்டுவிடும். ஆசிரியர் உற்றுப் பார்க்கவேண்டியவை வேறு: வாசிப்பின் வேகம், ஒலியைப் பிரிக்கும் திறன், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, வாய்மொழி அறிவுக்கும் எழுத்துக்கும் நடுவே விழுந்திருக்கும் பெரிய இடைவெளி.

எத்தனை பிள்ளைகளுக்கு? வரையறையைப் பொறுத்து எண் மாறினாலும் பல நாட்டு ஆய்வுகள் 5 முதல் 10 சதவீதம் என்கின்றன. 40 பேர் கொண்ட வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர். அவர்களில் பெண்பிள்ளைகளும் கணிசமாக இருப்பார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலி ஷேவிட்ஸ் குழு மழலையர் பள்ளியிலிருந்து 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. எல்லாருக்கும் வாசிப்புச் சோதனை வைத்தபோது சிரமப்பட்ட ஆண்பிள்ளைகளின் விகிதமும் பெண்பிள்ளைகளின் விகிதமும் அதிகம் வேறுபடவில்லை. பள்ளிகள் தாமாகக் கண்டுபிடித்துச் சொன்ன பட்டியலிலோ ஆண்பிள்ளைகளின் விகிதம் ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. வகுப்பில் சேட்டை செய்பவன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பெண் தப்பிவிடுகிறாள். 1990இல் வந்த இந்த முடிவு எல்லாப் பள்ளிகளுக்கும் ஓர் எச்சரிக்கை. ஆசிரியரின் ஊகத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான் நம்பகமான வழி.

247 வடிவங்கள், 30 ஒலிகள்

ஆங்கிலத்தைவிடத் தமிழ் வாசிப்பதற்கு எளிது, எழுதியபடியே படிக்கலாம், ஆகவே தமிழில் டிஸ்லெக்சியா வராது என்று சிலர் சொல்வதுண்டு. பாதி சரி. இத்தாலியம் போன்ற மொழிகளிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஒழுங்கானது. டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கிலேய மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2001இல் சயன்ஸ் இதழில் வந்தது. இத்தாலியர்கள் மற்றவர்களைவிடப் பிழையில்லாமல் வாசித்தார்கள். ஆனால் வாசிக்கும்போது மூளையின் இடது பக்கத்தில் இயக்கம் குறைந்திருந்த இடம் மூன்று நாட்டவருக்கும் ஒன்றே. மொழி மாறினால் சிரமம் வெளிப்படும் விதம் மாறுகிறது, சிரமம் போய்விடுவதில்லை.

தமிழில் அது எங்கே வெளிப்படும் என்பதை எழுத்துகளையே அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். ‘கொடு’ என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒலி வரிசையில் முதலில் வருவது ‘க்’, அடுத்து ‘ஒ’. தாளில் முதலில் நிற்பது ஒற்றைக் கொம்பு, பிறகு ‘க’, அதற்குப் பிறகு துணைக்கால். உயிரொலிக்கான குறி இரண்டாக உடைந்து மெய்க்கு இருபுறமும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாக ஓடும்போது, இன்னும் வராத மெய்க்காகக் கொம்பை மனதில் பிடித்துவைத்து, மெய்யைப் பார்த்து, அடுத்துக் கால் இருக்கிறதா என்று சோதித்த பிறகே அது ‘கெ’யா ‘கொ’வா என்று முடிவு செய்ய முடியும். பழகியவர்களுக்கு இது கண்ணிமைப்பொழுதில் நடந்துவிடுகிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கோ ஒவ்வொரு முறையும் இது முதல் முறை.

உகர வரிசையில் வேறொரு சுமை. கு, சு, து மூன்றிலும் ‘உ’ என்ற ஒரே ஒலி மூன்று வடிவம் எடுக்கிறது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் நீக்கிச் சீராக்கியது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அதோடு ‘கல்’, ‘அங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. எழுத்து நிற்கும் இடத்தை வைத்துப் பிள்ளை ஒலியை ஊகிக்க வேண்டும். எழுதும்போது ல, ள, ழ, ண, ந, ன, ர, ற என்று சோதனைகள் வரிசைகட்டும். பேச்சில் இவற்றில் பலவற்றுக்கு வேறுபாடே இல்லாத வட்டாரங்களில் காதும் கைகொடுக்காது.

இந்திய எழுத்துமுறைகளைக் கற்பது நீண்ட பயணம். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துத் தொகுதி முழுவதையும் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிக் காலத்தின் பெரும்பகுதி தேவைப்படுவதைக் காட்டினார். எழுத்துகள் அசைகளாகவே கண்முன் நிற்பதால் அசைக்குள் இருக்கும் தனி ஒலிகளை உணர்வதும் அங்கே மெதுவாகத்தான் வருகிறது. ‘மலை’க்கு ‘லை’ என்று பதில் வருவதன் பின்னணி இதுவே.

அதே சமயம் தமிழ் ஆசிரியரின் கையில் ஓர் அருமையான கருவி ஆயத்தமாக இருக்கிறது. க் + அ = க, க் + இ = கி என்று மெய்யையும் உயிரையும் பிரித்துச் சேர்க்கும் முறையை நம் இலக்கணமே தந்திருக்கிறது. 247 எழுத்துகளை 247 படங்களாக மனப்பாடம் செய்யச் சொன்னால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தோற்றுவிடும். 12 உயிர், 18 மெய், அவை சேரும் விதி என்று கொடுத்தால் கற்கவேண்டிய ஒலிகள் முப்பதாகச் சுருங்குகின்றன. குறிகளில் கால், கொம்பு, விசிறி என்று ஒவ்வொன்றாக எடுத்து, விதிக்குள் அடங்கும் வரிசைகளை முதலிலும் அடங்காத உகரத்தைக் கடைசியிலும் கற்பிக்கலாம்.

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு இரட்டைச் சுமை. ஆங்கிலத்தில் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து ‘இனஃப்’ என்ற சொல்லில் ‘ஃப்’ ஆகின்றன, ‘நைட்’ என்ற சொல்லில் ஒலிப்பதே இல்லை. 26 எழுத்துகளைக் கொண்டு 40க்கும் மேற்பட்ட ஒலிகளைக் குறிக்கும் முறை அது. ஆகவே ஒரு பிள்ளை தமிழில் மெதுவாக ஆனால் சரியாகவும், ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாகவும் வாசிக்கக்கூடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு ‘இங்கிலீஷ் வீக்’ என்று முடிவுகட்டும் பள்ளி, அடியில் இருக்கும் காரணத்தைத் தவறவிடுகிறது. டெல்லியை அடுத்த மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘டாலி’ என்ற சோதனைத் தொகுப்பு இந்தக் குறையைச் சரிசெய்யவே வந்தது. 2015இல் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றோடு அது தொடங்கியது. பிள்ளை கற்கும் எல்லா மொழிகளிலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

கையும் காதும் கண்ணும் சேர்ந்து

சிகிச்சை என்று சொல்லத்தக்க மருந்தோ மாத்திரையோ டிஸ்லெக்சியாவுக்குக் கிடையாது. கற்பித்தல்தான் வழி. 1920களில் அமெரிக்க நரம்பியலாளர் சாமுவேல் ஆர்ட்டன் இத்தகைய பிள்ளைகளை ஆராயத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய உளவியலாளர் ஆனா கில்லிங்காமும் ஆசிரியை பெஸ்ஸி ஸ்டில்மனும் ஒரு பாடமுறையை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் சிறப்பாசிரியர்கள் பின்பற்றும் பல முறைகளுக்கு அதுவே வேர்.

தமிழில் அப்படி ஒரு வகுப்பு எப்படி இருக்கும்? ஆசிரியர் முன்னால் ஒரு பிள்ளை, அதிகம் போனால் நான்கைந்து பேர். முதலில் தெரிந்த எழுத்து அட்டைகள்; பிள்ளை அட்டையைப் பார்த்து ஒலியைச் சொல்கிறது, எழுத்தின் பெயரை அல்ல. அடுத்து அன்றைய புதுச் செய்தி, ஒன்றே ஒன்று: ‘ஒற்றைக் கொம்பு வந்தால் எ’. அதை உப்புத்தாளிலோ மணல் தட்டிலோ விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு க், ச், ப் அட்டைகளோடு கொம்பைச் சேர்த்து கெ, செ, பெ. பிறகு அவற்றைக் கொண்டு ‘செடி’, ‘பெண்’, ‘கெடு’. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளை ஒலியை விரல்விட்டுப் பிரித்து எழுதுகிறது. கடைசியில் இதுவரை கற்ற எழுத்துகள் மட்டுமே வரும் நாலு வரி வாசிப்பு. கற்றுத்தராத எழுத்து அதில் ஒன்றுகூட இருக்காது. ஊகித்து வாசிக்கும் பழக்கம் இப்படித்தான் விலகும், வாசித்து முடித்த மகிழ்ச்சியும் பிள்ளைக்கு அன்றே கிடைக்கும். மறுநாள் தொடக்கத்தில் பழைய அட்டைகளே மீண்டும் வரும்.

சாதாரணப் பிள்ளைக்கு நாலு தடவையில் பதிவது இவர்களுக்குப் பல மடங்கு தடவை கழித்தே பதியும். ஆகவே பாடத்தின் பெரும்பகுதி மறுபடி மறுபடி செய்வதுதான். இத்தகைய பயிற்சி மூளையிலேயே மாற்றம் கொண்டுவருகிறது என்பதற்கு மூளைப் படங்களே சாட்சி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வாசிப்புச் சிரமம் உள்ள 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 24 பேருக்கு நாளுக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள், 8 வாரங்கள் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி பிள்ளைகளின் வாசிப்பு சராசரியாக ஒரு வகுப்பு அளவு முன்னேறியது. மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்ணிழைகளிலும் சில வாரங்களுக்குள் மாற்றம் பதிவாகியது.

வயதும் முக்கியம். டொரன்டோவைச் சேர்ந்த மவுரீன் லவெட் குழு ஒரே பயிற்சியை ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சொல் வாசிப்பின் அடிப்படைத் திறன்களில் ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் பெற்றவர்களின் முன்னேற்றம் மூன்றாம் வகுப்பில் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2017இல் வந்த இந்த முடிவு நம் பள்ளிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. ‘வளர வளரச் சரியாகிடும்’ என்று கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு இழப்பு.

ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள்

இந்தியாவில் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்குத் தேர்வுச் சலுகை வழங்குவதில் 1996இல் மகாராஷ்டிரம் முன்னோடியாக இருந்தது. சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்தே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படம் டிஸ்லெக்சியா என்ற சொல்லை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான சட்ட உரிமையாக இத்தகைய உதவி மாறியது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வந்த பிறகே. அங்கீகரிக்கப்பட்ட 21 வகை மாற்றுத்திறன்களில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. டிஸ்லெக்சியாவோடு எழுத்தைப் பாதிக்கும் டிஸ்கிராஃபியா, எண்ணுணர்வைப் பாதிக்கும் டிஸ்கால்குலியா ஆகியவையும் இந்த வகைக்குள் வருகின்றன.

அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளி அலுவலகங்களில் பலருக்குப் பரிச்சயம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு என்று பட்டியலிடுவது அது. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் 3 மணி நேரத் தாளுக்கு 1 மணி நேரம் கூடுதல். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்விலும் இத்தகைய சலுகைகள் உண்டு. அதற்கு முந்தைய 16ஆம் பிரிவை அதே ஆர்வத்தோடு படிப்பவர்கள் குறைவு. கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து, அதைக் கடக்கப் பொருத்தமான கற்பித்தல் முறைகளை மேற்கொள்வது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது அது. அரசு நிதி பெறும் பள்ளிக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சலுகையைப் பற்றிச் சட்டம் பேசுவதற்கு முன்பே கற்பித்தலைப் பற்றிப் பேசியிருக்கிறது.

நடைமுறையில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர்கள் முதல்கட்டச் சோதனை நடத்த வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தலைமையில் அதற்கொரு குழு இருக்க வேண்டும். பிறகு குழந்தை மருத்துவர் பார்வை, செவித்திறன் முதலியவற்றைப் பார்ப்பார். உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனையையும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் வகுத்த கற்றல் குறைபாட்டுச் சோதனையையும் நடத்துவார். எட்டு வயதில் தரும் சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசீலிக்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டுதல் சொன்னது. எட்டு வயது வரை காத்திருக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. சிறு வயதில் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் வெகுவாக மாறுபடும், அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. ஆனால் அந்தக் காத்திருப்பு சான்றிதழுக்கு மட்டும் உரியது. கற்பித்தலை நிறுத்திவைக்க எந்த விதியும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை சும்மா இருந்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் சான்றிதழுக்காக அலையும் குடும்பங்களுக்குச் சலுகை கிடைக்கலாம். அந்தப் பிள்ளை வாசிக்கக் கற்றிருக்க வேண்டிய ஆண்டுகள் போனது போனதுதான்.

சலுகைகளை யாரும் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்கு உரிய கூடுதல் நேரம் கொடுக்காமல், 3 மணி நேரம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி, தேர்வு முகமை அதைச் சரிசெய்ய வழி காண வேண்டும் என்றது. தேர்வறையில் நிற்பவர்களுக்கு இந்த உரிமைகள் முறையாகத் தெரிந்திருக்க வேண்டியதன் அவசியத்தை அந்த வழக்கு காட்டியது. கூடுதல் நேரம் யாருக்கும் தரும் இனாம் அல்ல. விடை தெரிந்தும் எழுதி முடிக்க நேரமில்லாத பிள்ளையின் அறிவை அளக்க வேறு வழியில்லை.

முத்திரை இல்லாமல் உதவி

சான்றிதழுக்குக் காத்திராமல் உதவுவது நடக்கக்கூடியதே. பின்லாந்தில் பல பத்தாண்டுகளாகப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் இருக்கிறார். மருத்துவச் சான்று எதுவும் கேட்காமல், தேவைப்படும் பிள்ளை வாரத்தில் சில மணி நேரம் அவரிடம் போய்விட்டு வகுப்புக்குத் திரும்பும். 2010களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை இப்படிப் பகுதிநேரச் சிறப்புக் கல்வி பெற்றது. அத்தனை பேர் போய்வரும்போது அதில் அவமானம் எதுவும் ஒட்டுவதில்லை. அமெரிக்காவில் 2004இல் திருத்தப்பட்ட சட்டம், பிள்ளை முழுதாகப் பின்தங்கும்வரை காத்திருக்கும் பழைய முறைக்கு மாற்றாக, முதலில் நல்ல பயிற்சி கொடுத்து அதற்குப் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்க்கும் வழியைத் திறந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வாசல் ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறது. கொரோனாவால் விட்டுப்போன அடிப்படைக் கல்வியை மீட்கவே அது வந்தது, டிஸ்லெக்சியாவுக்காக அல்ல. ஆயினும் அதன் அமைப்பு ஒரு வாய்ப்பைத் தருகிறது. மற்றவர்கள் மொட்டுக்கும் மலருக்கும் நகரும்போது, ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்பது ஆசிரியருக்குப் பருவந்தோறும் கண்முன் தெரியும். அந்தப் பெயர்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்கு உடனே போய், ஒலிப்பயிற்சி அந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கினால், மூன்றாம் வகுப்பில் சான்றிதழுக்கு அனுப்பவேண்டியவர்களின் பட்டியல் தானாகவே சுருங்கும், துல்லியமாகவும் ஆகும்.

வகுப்பாசிரியர் செலவில்லாமல் செய்யக்கூடியவையும் பல. முன்னறிவிப்பின்றி எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாமல், வாசிக்கவேண்டிய பத்தியை முந்தின நாளே கொடுத்துவிடலாம். அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் கருத்துக்கு மதிப்பெண் தரலாம். வகுப்புத் தேர்வில் சில கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிக்காத பிள்ளைக்கு அந்தப் பக்கத்தின் நகலைத் தரலாம். பாடத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் கைபேசிச் செயலிகள் தமிழுக்கும் வந்துவிட்டன. வாசிக்கக் கற்கும்வரை பாட அறிவு தேங்காமல் இருக்க அவை உதவும். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு மணிச்சட்டம், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள், எண்கோடு என்று கையால் தொட்டுப் பார்ப்பவற்றில் தொடங்கி, படத்துக்கு வந்து, அதன் பிறகே வெறும் எண்ணுக்குப் போகலாம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டி அச்சிட்டால் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகள் வேகமாகவும் பிழை குறைவாகவும் வாசித்ததை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. வினாத்தாளை நெருக்கி அடிக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்கலாம்.

காசைக் கரைப்பவையும் உண்டு. வண்ணக் கண்ணாடி, கண் தசைப் பயிற்சி ஆகியவற்றால் டிஸ்லெக்சியா சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. டிஸ்லெக்சியாவுக்கென்றே விற்கப்படும் எழுத்துருக்களைச் சோதித்த ஆய்வுகளிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. இவற்றில் செலவாகும் மாதங்களும் பணமும் ஒரு சிறப்பாசிரியரின் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவை.

ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர் கேட்கவேண்டியவை சில உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்களா? மூன்றாம் வகுப்புச் சோதனைக்கான குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? பின்தங்கிய பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை, எந்த ஆசிரியர், என்ன முறை? தமிழிலும் பயிற்சி உண்டா, ஆங்கிலத்தில் மட்டுமா? மூன்று மாதம் கழித்து முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பார்கள்? அரசுப் பள்ளியாக இருந்தால் இவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகவே பதிய வைக்கலாம். தனியார் பள்ளியாக இருந்தால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் குறிப்பிட்டு முதல்வரிடம் கடிதமாகக் கொடுத்து, எழுத்திலேயே பதில் கேட்கலாம்.